வட்டம் விழாத தட்டு

1969, மழைக்காலம். தாராவியில் குடியிருந்த தனசீலனுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோயாளியின் ரத்தத்தில் வளரும் டைபாய்டு கிருமியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நடுவில் டைபாய்டுக்கான குளோரம்பெனிகால் மருந்து தோய்த்த காகித வில்லையை வைப்பான். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். ஒன்பது வருஷமாக அது தவறியதில்லை.

ஒரு சனிக்கிழமை, ரோஸியின் தட்டில் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருந்தது.

ரோஸி அவன் சந்துக்காரி. வயது பத்தொன்பது. வார்டில் அந்த மருந்தைத்தான் நம்பிப் படுத்திருந்தாள். வில்லை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான் தனசீலன். சொன்னால் டாக்டர் தன்னைத்தான் திட்டுவார் என்ற பயம் வேறு. தட்டைக் கழுவப் போட்டுவிட்டு, புது வில்லையோடு இன்னொன்று வைத்தான். ஞாயிறு விடுமுறை.

திங்கள் காலையிலும் அதே படலம். தட்டோடு வார்டுக்கு ஓடினான். ரோஸியின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். குடலில் ஓட்டை விழுந்து விடியற்காலையில் போய்விட்டாள்.

"இந்த மருந்துக்குச் சாகாத டைபாய்டா?" டாக்டர் வெங்கடேஸ்வரன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கண்டதேயில்லையே."

சனிக்கிழமைத் தட்டைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ரோஸியின் தங்கை லூர்து மேரிக்குக் காய்ச்சல். இந்த முறை டாக்டர் முன்னால் போய் நின்றான். "சார், இவளுக்கு அந்த மருந்து கேக்காது. அக்காவோட மொதத் தட்டையும் நான் பாத்தேன். மறச்சுட்டேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். குளோரம்பெனிகாலை விட்டு ஆம்பிசிலின் ஊசி எழுதினார். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று தாய் லூசியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவள் கையை விட்டாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கே சொல்லியிருந்தா எம்மவ பொழச்சிருப்பாளா தம்பி?"

"தெரியலம்மா. பொழச்சிருக்கலாம்."

"சின்னவகிட்ட இதச் சொல்லிராதீய. தெனமும் செபத்துல ஒங்க பேரச் சொல்லுதா."

அது உண்மைதான். அந்திக்கு அவர்களுடைய ஒற்றை அறைக் கோலியின் தகரச் சுவரைத் தாண்டி லூர்து மேரியின் குரல் சந்துக்கு வந்தது. முதலில் அக்காவின் ஆத்துமத்துக்காக வேண்டினாள். மூச்சு விட்டு, அடுத்ததாக அவன் பேரைச் சொன்னாள். தனசீலன் கதவைச் சாத்தினான். அப்படியும் கேட்டது.