நடுவில் வைத்த பூஜாடி

"தோமே, அந்த முள்ளங்கி ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவன."

சொன்னவர் ஜின்பே. 'அவன்' என்பது அவருடைய தம்பி இசாகு. எங்கோ தூரத்தில் இல்லை. எதிரிலேயே, கையை நீட்டினால் அண்ணனின் மூக்கைப் பிடித்துத் திருகிவிடலாம் என்ற தூரத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, நான் இன்னும் எடுத்துக்கலைன்னு சொல்லுங்க அவர்கிட்ட."

தோமே இரண்டு பக்கமும் சொன்னாள். சொல்லி முடித்துத் தன் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தபோது அது ஆறிப் போயிருந்தது. நாலு வருஷமாக அந்த வீட்டில் அவள் சூடாக ஒன்றும் குடித்ததில்லை.

சண்டை என்னவோ ஒரு கட்டு விறகுக்குத்தான். நாலு வருஷத்துக்கு முன் சூளை எரிந்துகொண்டிருந்தபோது "விறகு போதும்" என்றார் அண்ணன். "இன்னும் ஒரு கட்டு" என்று தம்பி தூக்கிப் போட்டான். உள்ளே அடுக்கியிருந்த ஜாடிகளில் முன்வரிசை முழுக்கச் சரிந்து விழுந்தது. விறகு அதிகமானதாலா, அண்ணன் அடுக்கிய லட்சணத்தாலா என்பது சூளைச் சாமிக்குத்தான் தெரியும். இவர்களுக்கு என்னவோ தீர்க்கமாகத் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒரு விதமாக.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. இகா மலையடிவாரத்தில் அப்பா விட்டுப் போனது ஒரே ஒரு சூளை. அதைப் பாதியாக வெட்டிக்கொள்ள முடியாது. அதனால் ஒரே சூளையில் அண்ணன் இடது பக்கம், தம்பி வலது பக்கம். சாமிக்கு உப்பும் சாக்கே என்கிற அரிசிக் கள்ளும் வைத்துக் கைதட்டிக் கும்பிடுவதைக்கூடத் தனித்தனியாகச் செய்தார்கள். சாமிக்கும் இரட்டை வேலை.

இந்தத் தடவை இரண்டு பேருமே கோயில் தேநீர் விருந்தை மனதில் வைத்து ஆளுக்கொரு பூஜாடி செய்திருந்தார்கள். வருஷாவருஷம் அந்த விருந்துக்குப் பூ வைப்பவள் தோமே. வம்பே வேண்டாம் என்று ஒரு வருஷம் புருஷன் ஜாடி, மறு வருஷம் கொழுந்தன் ஜாடி என்று மாற்றி மாற்றி வைப்பாள். தன் ஜாடி ஒன்றில் தன் கையால் ஒரு பூ வைக்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ நாள் ஆசை. அதை அந்த வீட்டில் யாரிடம் சொல்வது? அவளிடம் பேசுகிறவர்கள் எல்லாம் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லித்தானே பேசினார்கள்.

அதனால் சொல்லாமலே செய்தாள். மிச்ச மண்ணை எடுத்து, சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து, திரி திரியாக உருட்டி அடுக்கி ஒரு ஜாடியை எழுப்பிவிட்டாள். இகா ஜாடிக்கு இரண்டு பக்கமும் காது இருக்க வேண்டும். அவள் ஒட்டிய காதுகள் காயும்போதே கழன்று விழுந்தன. மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தன. போ, காதில்லாமலே இரு என்று விட்டுவிட்டாள்.

சூளையில் தீ வாய்க்கு நேர் எதிரே உள்ள இடம்தான் ராஜா இடம். பறக்கிற விறகுச் சாம்பல் அங்கேதான் மேலே படிந்து, உருகி, பச்சைக் கண்ணாடியாக வழியும். அண்ணன் தன் ஜாடியை அங்கே இடது பக்கம் வைத்தார், தம்பி வலது பக்கம் வைத்தான். ஒன்றோடு ஒன்று ஒட்டி உறவாடிவிடக் கூடாதே என்று நடுவில் நல்ல இடைவெளி விட்டார்கள். தோமே யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து உள்ளே போய், அந்த இடைவெளியில் தன் ஜாடியை வைத்துவிட்டு வந்தாள்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். தம்பிதான் எல்லை மீறி வைத்திருக்கிறான் என்று அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் வேலைதான் இது என்று தம்பி பல்லைக் கடித்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பேசியதாகிவிடுமே!

கோபத்தை விறகில் காட்டினார்கள். சூளையின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக அவரவர் பக்கம் போட்டி போட்டுக்கொண்டு பைன் விறகைத் திணித்தார்கள். இரண்டு பக்கமும் கங்கு மலையாகக் குவிந்தது.

சூளை ஆறியதும் பிரித்தார்கள். ஜின்பே முதலில் தலையை நுழைத்தார், வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. குவிந்த கங்கு இரண்டு ஜாடிகளையும் உள்பக்கமாகத் தள்ளிச் சாய்த்திருந்தது. நடுவில் இருந்த ஜாடிமேல் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து, உருகிய சாம்பலால் மூன்றும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன. மூன்றையும் சேர்த்துத்தான் தூக்கி வெளியே வைத்தார்கள்.

சகோதரர்களின் ஜாடிகள் இரண்டும் பிரமாதமாக வந்திருந்தன. கழுத்திலிருந்து பச்சை வழிந்து அடியில் துளித்துளியாக நின்றது. அப்படி ஒரு வழிசல் அப்பா காலத்தில்கூட அந்தச் சூளையில் வந்ததில்லை.

"தோமே, அவன்கிட்ட கேளு, நடுவுல இந்தப் பூசணிக்காய எவன் வைக்கச் சொன்னான்னு."

தோமே வாயைத் திறப்பதற்குள் மறுபக்கத்திலிருந்து வந்தது. "அண்ணி, வாய் கோணிப் போயி, பல்வலிக்காரன் மாதிரி நிக்குதே, இதைச் செஞ்ச கை யாரோடதுன்னு அவரையே கேளுங்க."

தோமேவுக்கு முகம் சிவந்தது. வாய் கொஞ்சம் கோணல்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோணல் வாய்க்குள் சாம்பல் வழிந்து பச்சையாகத் தேங்கி நின்றதை இரண்டு தடியன்களும் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"நடுவுல இருக்கறத உடைச்சா மத்த ரெண்டும் தப்பிக்கும். அவனைப் பிடிச்சுக்கச் சொல்லு, நான் தட்டறேன்."

"சரின்னு சொல்லுங்க அண்ணி."

நாலு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்! ஜின்பே உளியையும் சுத்தியலையும் எடுத்தார். தம்பி பிடிப்பதற்காகக் காத்திருந்தார். தம்பி அண்ணி சொல்வதற்காகக் காத்திருந்தான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் தோமே.

"என்னது?"

"சொல்ல மாட்டேங்க. எனக்கு வாய் வலிக்குது."

ஜின்பே தொண்டையைக் கனைத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு, பூட்டிக் கிடந்த கதவை இழுத்துத் திறப்பவரைப்போல, "டேய்" என்றார்.

"என்ன?"

"ஏன்டா என் ஜாடிகிட்ட கொண்டாந்து வச்ச?"

"நானா? நீதானே வச்ச!"

"நான் எதுக்குடா இந்தக் கண்றாவிய..."

பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோமேயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னோடதுதான்" என்றாள் அவள். "விருந்துக்கு இந்த வருஷம் என் ஜாடிய வைக்கணும்னு ஆசைப்பட்டேன். பூசணிக்காயின்னா பூசணிக்காய். உடைக்கணும்னா உடைச்சுக்குங்க. ஆனா நாளையிலேருந்து ஊறுகாய உங்க வாயாலேயே கேட்டுக்குங்க ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டு விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஜின்பே தன் ஜாடியையே பார்த்தார். கழுத்திலிருந்து வழிந்த பச்சையை ஒருமுறை விரலால் தடவினார். அப்புறம் உளியை வைத்து ஓங்கித் தட்டினார். தோமே கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது உடைந்து கிடந்தது அவர் ஜாடி.

"இதுலயும் நீதான் முந்திக்கணுமா?" என்று கத்தினான் இசாகு. "அந்தச் சுத்தியல இப்படிக் கொடு!"

"அவசரப்படாதேடா, அவ ஜாடில பட்டுடப் போவுது. இரு, நான் பிடிச்சுக்கறேன்."

அண்ணன் பிடித்துக்கொள்ளத் தம்பி தன் ஜாடியை உடைத்தான். தோமே இடுப்பில் கட்டியிருந்த துணியில் மூக்கைச் சிந்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

காதில்லாமல் சூளைக்குள் போன ஜாடி அன்று இரண்டு காதோடு வெளியே வந்தது. இடது பக்கம் புருஷன் ஜாடியின் சில்லு ஒன்று, வலது பக்கம் கொழுந்தன் ஜாடியின் சில்லு ஒன்று, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. தட்டி எடுக்கப் பார்த்தால் ஜாடியே விரிசல் விட்டுவிடும், இருக்கட்டும் என்று முனையை மட்டும் தேய்த்துக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு இரண்டு பேரும் தரையோடு தரையாகக் குனிந்து அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

மறுநாள் விருந்து. அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைக் கமேலியா மொட்டைக் கிள்ளி வந்து வைத்துப் பார்த்தாள் தோமே. ஜாடியைச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுத் தன் சோற்றின் முன் உட்கார்ந்தாள்.

"தோமே, அந்த ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவன" என்றார் ஜின்பே. பழக்க தோஷம்.

தோமே தலையைத் தூக்காமல் ஜாடியைக் கை காட்டினாள். "அதுக்கு இப்ப காது வந்திருக்கு. அதுகிட்ட சொல்லுங்க."

ஜின்பே ஜாடியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"இசாகு, ஊறுகாயத் தள்ளுடா."

"ஏன், உனக்குக் கையில்லையா? நான் இன்னும் எடுத்துக்கல."

"நீ எப்பதான்டா எடுத்து முடிச்சிருக்க! அன்னிக்கு அந்த ஒரு கட்டு விறகையும்..."

"ஆரம்பிச்சிட்டியா? நீ அடுக்கின லட்சணத்துக்கு..."

வீடு இரண்டுபட்டது. தோமே சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். ஆவி முகத்தில் பட்டது. நாக்கு சுடச் சுட ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, இன்னொரு வாய் உறிஞ்சினாள்.