அழாத அறை

கையைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, "இந்த இல்லத்திலே நீர் கட்டளையிட்டிருக்கிற இந்தப் பரிபூரண சமாதானத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று மைக்செட் எனப் பட்டப்பேர் கொண்ட பெரியவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பால் புட்டிகள் அடுக்கிய தட்டோடு பொறுப்பு சிஸ்டர் வாசலில் வந்து நின்றுவிட்டார். மைக்செட்டின் ஜெபம் லேசில் முடிகிற ஜெபம் அல்ல. உலகத்தின் தோற்றத்தில் தொடங்கி, பெருவெள்ளம், வனாந்தரம் என்று எல்லா இடத்திலும் ஒரு நிறுத்தம் போட்டுத்தான் அன்றைய விஷயத்துக்கு வந்து சேரும். அவருடைய சபையில் அவரைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்க விடமாட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, கை காயும் நேரத்தில் ஜெபிக்கச் சொல்வார்கள். அதுவும் போதகர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

சிஸ்டர் ஆமென் வரைக்கும் பொறுமையாக நின்றார். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, "கையக் கழுவிட்டு வாங்க பிரதர். பால் ஆறுது" என்றார்.

முதல் நாளே ஒருவரை இப்படியா வரவேற்பது என்று மைக்செட்டுக்கு இருந்தது. ஆனாலும் அந்த அறை உண்மையாகவே அவரை அசத்திவிட்டிருந்தது. இரண்டு வரிசையாக இரும்புத் தொட்டில்கள். பல் முளைக்கிற வயதுக்காரர்கள் கடித்துக் கடித்து, மேல்கம்பிகளில் வெள்ளைச் சாயம் உரிந்திருந்தது. தொட்டிலுக்கு ஒன்றாகக் குழந்தைகள். சிலது விழித்திருந்தன, சிலது தூங்கின, ஒன்றுகூட அழவில்லை. குழந்தை என்றால் என்னவென்று மைக்செட்டுக்குத் தெரியும். அவருடைய மகள் பிறந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. அப்படி ஒன்றே ஒரு தெருவைக் காலி பண்ணுமென்றால், இங்கே ஒரு அறை நிறையக் குழந்தைகள் வாயைத் திறக்காமல் கிடப்பதற்கு ஆண்டவரைத் தவிர யார் காரணமாக இருக்க முடியும்?

மைக்செட் என்பது அவருக்குச் சபைப் பிள்ளைகள் வைத்த பேர். வேலை பார்த்த காலமெல்லாம் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது இப்போது புறப்படும் என்று அறிவித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தொண்டை ஓய்வு பெறவில்லை. மனைவி இருந்தவரை, "பக்கத்துல இருக்கறவகிட்ட பேசறீங்களா, அடுத்த ஊருக்குத் தகவல் சொல்றீங்களா?" என்று கேட்பாள். அவள் போன பிறகு வீட்டில் அந்தத் தொண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் கடந்த நாட்டில் இருக்கும் ஒரு அநாதை இல்லத்துக்கு ஆள் வேண்டும் என்று போதகர் அறிவித்தபோது, மைக்செட்டின் கை தானாக மேலே போயிற்று. ஆண்டவர் அழைத்தார் என்று எல்லோரிடமும் சொன்னார். அழைத்திருக்கலாம். ஆனால் அவர் அழைத்த நேரம் பார்த்து வீடும் வெளியே தள்ளியது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போதகர் சந்தோஷத்தோடு ஆசீர்வதித்து அனுப்பினார். கொஞ்சம் கூடுதல் சந்தோஷமோ என்று மைக்செட்டுக்கே ஒரு சந்தேகம்.

வந்த இடத்தில் அந்தக் குரலால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆயாக்கள் இரண்டு பேர், ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. இருவருக்கும் தமிழ் தெரியாது, அவர்கள் பேசுவது இவருக்குத் தெரியாது. மொழி புரியாதவர்களிடம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று முதலில் முயன்று பார்த்தார். குட்டை ஆயா பயந்துபோய்க் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். தமிழ் பேச அங்கே இருந்த ஒரே ஆள் சிஸ்டர்தான். அவருக்கோ பேச நேரம் இல்லை.

"தூக்கக் கூடாது, பிரதர். அது ஒண்ணுதான் இங்க சட்டம்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "பால் குடுக்கலாம், துணி மாத்தலாம், குளிப்பாட்டலாம். வேலை முடிஞ்சா தொட்டில்ல விட்டுடணும். சும்மா தூக்கி வச்சுக்கிறது கூடாது."

"குழந்தைய சும்மா தூக்காம வேற எதுக்கு சிஸ்டர் தூக்குவாங்க?"

சிஸ்டர் அதற்குச் சிரிக்கவில்லை. துண்டைச் சுருட்டி ஒரு குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் புட்டியைச் சாய்த்து, ரப்பரை வாயில் கொடுத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போனார். அங்கே பால் கொடுப்பது அப்படித்தான். ஒருத்தர் கையில் ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தால் கடைசித் தொட்டிலுக்குப் போய்ச் சேரும்போது முதல் தொட்டிலுக்கு மறுபடி பசித்துவிடும். குழந்தைகளும் அதற்குப் பழகியிருந்தன. துண்டைப் பார்த்தபடியே குடித்தன. கல் நெஞ்சுக்காரி என்று மைக்செட் மனசுக்குள் முடிவு செய்து, அன்றைய ஜெபத்தில் சிஸ்டரின் இதயத்தை மாற்றும்படி தனியாக ஒரு விண்ணப்பம் சேர்த்தார்.

ஜன்னலோரத் தொட்டிலில் இருந்தவனுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்ததும் மைக்செட்தான். அவனுடைய நிஜப் பேர் இவர் நாக்கில் ஏறவில்லை. தவழ வேண்டிய வயது, தவழவில்லை. மல்லாந்து படுத்தபடி, குறை தீர்க்கும் கூட்டத்தில் மனு வாங்குகிறவர் மாதிரி, வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பான். துணி மாற்றும்போது மைக்செட் ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டு, காலைச் சேர்க்க வேண்டிய இடத்தில் கையைச் சேர்த்து, அவனை ஒரு பொட்டலம்போல ஆக்கிவிட்டார். கலெக்டர் அதையும் பார்த்தான். புகார் எதுவும் பதிவு செய்யவில்லை.

மதியம் ஆயாக்கள் சாப்பிடப் போவார்கள், சிஸ்டர் மருந்து அறையில் இருப்பார். அந்த நேரத்தில்தான் மைக்செட் முதன்முதலாகச் சட்டத்தை மீறினார். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு அவனைத் தூக்கினார். குழந்தை கட்டைபோல விறைப்பாக இருந்தான். தோளில் சாய வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தலையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தான். மைக்செட் அவனை ஜன்னலுக்குக் கொண்டுபோய், தெருவைக் காட்டி, தன் பழைய குரலைப் பாதியாகக் குறைத்து அறிவித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பால் வண்டி முதலாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்."

அடுத்த நாளும் அறிவிப்பு இருந்தது. அதற்கடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம், குப்பை வண்டி தாமதமாக வருவதற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தபோது, தோளில் மெத்தென்று ஒரு பாரம் இறங்கியது. கலெக்டர் தலையைச் சாய்த்திருந்தான். மைக்செட் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவருடைய பணிக்காலத்தில் பாதியில் நின்ற ஒரே அறிவிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் அவனைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பி நாலடி நடந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, கரகரவென்று. திரும்பிப் பார்த்தார். கலெக்டரின் முகம் கசங்கிச் சிவந்திருந்தது. அடுத்த மூச்சில் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. அந்த அறையில் அவர் கேட்ட முதல் அழுகை அது. பக்கத்துத் தொட்டில்களில் கண்கள் அசைந்தன. மைக்செட் ஓடிப்போய்த் தூக்கினார், அவன் நிறுத்தினான். விட்டார், அழுதான். தூக்கினார், நிறுத்தினான். பரீட்சையில் பாஸான பிள்ளையின் தகப்பன்போல மைக்செட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது.

சட்டத்தை மீறியது நினைவுக்கு வராமலே சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். "சிஸ்டர், நம்ம கலெக்டர் இருக்கானே, அழறான் சிஸ்டர். என்னத் தேடி அழறான்."

சிஸ்டர் மருந்துச் சீசாவின் மூடியைத் திருகி மூடினார். முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். மைக்செட் அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க அண்ணே?"

"அடுத்த மாசக் கடைசில. விசா அவ்வளவுதானே."

"அதுக்கப்புறம் அவன் யாரத் தேடி அழுவான்?"

மைக்செட் மிச்சமிருக்கும் வாரங்களை விரலில் எண்ணத் தொடங்கினார். பாதியில் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"இங்க வர்ற எல்லாக் குழந்தையும் அழுதுகிட்டுதான் வருது" என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ராவும் பகலும் அழும். நாங்க மூணு பேரு. எத்தனை பேர்கிட்ட ஓடுவோம்? கொஞ்ச நாள்ல அதுவா புரிஞ்சுக்கும், அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு. அப்புறம் அழாது. பல்லு முளைக்கிற வலிக்குக்கூட அழாது. நீங்க மொத நாள் சமாதானம்னு ஜெபம் பண்ணீங்களே, அது இதுதான். வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வெளியே நெட்டை ஆயா வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணு, உங்கள மாதிரிதான், மனசு கேக்காது. ஒரு குழந்தைய இடுப்ப விட்டு எறக்கல. அவ போனதும் அது அழுதுச்சு. அழுகையக்கூடப் பொறுத்துக்கலாம் அண்ணே. ரெண்டாவது தரமா அது நிறுத்துச்சு பாருங்க. அத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். இன்னொரு தரம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அழைப்பு, ஊழியம், தியாகம் என்று ஊரில் பேசிவிட்டு வந்த வார்த்தைகள் எல்லாம் மைக்செட்டின் தொண்டைக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அவருக்குச் சம்பந்தமில்லாமல் தன் வீட்டுக் குளியலறை ஞாபகம் வந்தது. மனைவி போன அடுத்த வருஷம், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். முட்டி பிளந்து ரத்தம் வந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்தபடி வெகுநேரம் இருந்தவருக்கு, எழுந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஊரைக் கூட்டுகிற தொண்டையை வைத்துக்கொண்டு, விழும்போது "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. ஏன் சத்தமே வரவில்லை என்று அப்போது அதிசயப்பட்டார். மறுநாள் மகள் போனில் கேட்டபோது, "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்றார். அவளும் நம்பினாள். ஒலிபெருக்கி அறையில் இருந்த காலத்தில் அவருக்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதன் வழியாக, தன் குரல் கேட்டு ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பார். ஓட ஆள் இல்லையென்றால் எவன் அறிவிப்பான்?

"நாளையிலருந்து துணி துவைக்கிற பக்கம் போயிடுங்க" என்றார் சிஸ்டர். "ஒரே நாள்ல காணாம போறதவிட, இப்பவே கொஞ்சங்கொஞ்சமா இல்லாம போயிடுங்க. அவனுக்கு அதான் நல்லது."

"வேற வழி இல்லையா சிஸ்டர்?"

"இருந்தா நான் உங்ககிட்ட இப்படிப் பேசிட்டிருப்பனா?"

அன்று சாயங்கால ஜெபத்தில் அவரை ஜெபிக்கச் சொன்னார்கள். ஆயாக்கள் பழக்கப்பட்டுப்போய்ச் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். மைக்செட் கண்ணை மூடினார். உலகத்தின் தோற்றம் வரவில்லை, பெருவெள்ளம் வரவில்லை. "ஆண்டவரே" என்றார். கொஞ்சம் பொறுத்து "ஆமென்" என்றார். குட்டை ஆயா ஒரு கண்ணைத் திறந்து, இவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்தாள்.

துணி துவைக்கும் அறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இயந்திரம் ஓடுகிறவரை ஒன்றும் கேட்காது. அதனால் மைக்செட் அதை ஓயவிடாமல் ஓட்டினார், துவைத்ததையே மறுபடி துவைத்தார். நெட்டை ஆயா வந்து, சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, சைகையில் திட்டிவிட்டுப் போனாள். மதியம் இயந்திரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தார்.

வழக்கமாக அவர் ஜன்னலோரம் போகிற நேரம் அது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

முதலில் அதட்டல்போல ஒரு குரல். பிறகு நீளமான அழுகை. மைக்செட் விரிப்பின் நுனிகளைச் சேர்த்தார், மடித்தார், தடவினார். அழுகை சட்டென்று நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டவர், அது எதற்கான நிறுத்தம் என்று புரிந்ததும் விட்ட மூச்சைத் திருப்பி இழுத்துக்கொண்டார். காலடிச் சத்தம் கேட்கிறதா என்று அவன் காது கொடுத்துக் கேட்கிறான். கேட்கவில்லை. மறுபடி அழுதான். மறுபடி நிறுத்திக் கேட்டான். அழுகிற நேரம் குறைந்துகொண்டும், கேட்கிற நேரம் நீண்டுகொண்டும் வந்தன.

மைக்செட் செருப்பைக் கழற்றினார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தன் நடைச் சத்தம் கேட்டு அவன் நம்பிவிடக் கூடாது. தூக்குவதா வேண்டாமா என்று அவர் எதையும் முடிவு பண்ணியிருக்கவில்லை. பார்த்தால் போதும் என்று கால்கள் சொல்லின. அந்தக் கால்களை அவர் நம்பவில்லை. இருந்தாலும் அவற்றின் பின்னால் போனார். தாழ்வாரத்தின் குளிர்ந்த தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து கதவோரம் நின்றார்.

சிஸ்டர் ஜன்னலோரத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தூக்கியிருக்கவில்லை. முழங்கை வரைக்கும் கையைக் கம்பிக்குள் விட்டிருந்தார். அவருடைய ஒரு விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கலெக்டர் அழுதுகொண்டிருந்தான். சிஸ்டரின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மைக்செட் நிற்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிறகு அவருடைய பார்வை மைக்செட்டை விட்டு நகர்ந்து, கலெக்டருக்கு அடுத்த தொட்டிலுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. மைக்செட் இதுவரை பட்டப்பேர்கூட வைத்திராத குழந்தை. அது சிரமப்பட்டுப் புரண்டு, கம்பியோடு கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, கலெக்டரின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றி சுருங்கியது. கீழுதடு ஒருமுறை நடுங்கி, அடங்கி, மறுபடி நடுங்கியது. வாய் மெல்லத் திறந்தது. இன்னும் சத்தம் வரவில்லை.