சதை பிடித்த ராணி

லட்சுமணசாமி நாயுடு வெங்கடலட்சுமியைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று போதவில்லை. பின்பக்கம் நின்று, இரண்டு எட்டு தள்ளிப்போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். படம் எடுப்பதில் அவருக்குக் கூட்டாளியான ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. "சித்த நடந்து காட்டு அம்மணி" என்றார். அவள் நடந்தாள். நாடகக் கொட்டகைகளில் பாடிப் பாடித் தேய்ந்த உடம்பு. எலும்பும் தொண்டையும்தான் மிச்சம். பிறகு முதலாளிகள் இருவரும் அவள் கண்ணெதிரேயே துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்தார்கள். அவளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவள் காதில் விழாமல் முடிவு செய்தார்களாம். மாட்டுச் சந்தையில் காளைக்குப் பேசுகிற அதே பேச்சு. வெள்ளை வேட்டி கட்டிக் கம்பெனி வைத்தாலும் கை பழைய வேலையைத்தான் செய்யும்.

"ஏனுங்க, பல்லப் புடிச்சுப் பாக்கலீங்களா?" என்றாள் வெங்கடலட்சுமி.

கவுண்டர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "பல்லு கெடக்குது. சதை இல்லையே அம்மணி. இந்த ஒடம்பப் பாக்க எவன் கொட்டாயிக்கு வருவான்?"

"பாட்டக் கேக்க வருவாங்கங்க."

"பாட்டு!" என்றார் நாயுடு. துண்டை உதறித் தோளில் போட்டார்.

பெரியநாயக்கன்பாளையம் போகிற சாலையோரத் தோப்பில் இருந்த அந்தக் கம்பெனியில் எனக்கு வெயில் பிடிக்கிற வேலை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைச் சூரியனுக்குக் காட்டி, வெளிச்சத்தை நடிப்பவர்கள் மூஞ்சியில் திருப்பிவிட வேண்டும். அதற்கு முன்னால் அப்பனோடு கிணறு வெட்டினேன். என் ஆத்தா பாவாத்தாள் கல்லுக்கூடையோடு கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவாள். பொம்பளை உடம்பு என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்: மெல்லிய புளிய மிலாறு போல வளையும், முறியாது. திரையில் நான் பார்த்த நாயகிகளுக்கோ உட்கார்ந்தால் எழ இரண்டு தோழிகள் வேண்டும். படம் பேச ஆரம்பித்த புதிதில் பாட்டாவது பாட்டாக இருந்தது. இப்போது விளம்பர வண்டிக்காரன் கதையைச் சொல்வதில்லை, நாயகியின் இடுப்பைச் சொல்கிறான். சொன்னதைக் கேட்டு என் ஜனம், பகலெல்லாம் மில்லில் நின்று கால் வீங்கிய ஜனம், முண்டியடித்துப் போய் உட்கார்ந்து, அவள் திரும்பினால் விசில் அடிக்கிறது. முதலாளிகளை மட்டும் திட்டி என்ன? தீனி கேட்கிற வாய் இருப்பதால்தான் தீனி போடுகிறான்.

எடுக்கப்போன படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டை இழந்த ராணி காட்டில் இலை தழையைத் தின்று, பசியில் துரும்பாகி, புருஷனைத் தேடி அலைகிறாள். இந்தப் பட்டினிக்காரியாக நடிக்கத்தான் வெங்கடலட்சுமிக்குச் சதை போதவில்லை.

கவுண்டர் வீட்டிலிருந்து தினமும் பித்தளைத் தூக்கில் பருத்திக்கொட்டைப் பால் வந்தது. மாடு தேறுகிறதே, மனுஷி தேறமாட்டாளா என்பது அவர் கணக்கு. வெண்ணெய், நெய்ச்சோறு, ஆட்டுக்கால். சமையல்காரி நாச்சியம்மாள் எதிரே உட்கார்ந்து தின்ன வைப்பாள். வெங்கடலட்சுமி தோப்புக்குள் நடந்தால் நாயுடு ஆள் அனுப்பித் தடுத்தார். விடியற்காலையில் அவள் சாதகம் செய்வதையும் நிறுத்தினார்கள். பாடினால் உடம்பு இளைத்துவிடுமாம்.

"பாடாம இருந்தா கொரலு போயிருமுங்க" என்று அவள் கெஞ்சியதை நான் கேட்டேன்.

"கொரலு எங்க போகுது, உள்ளதான இருக்குது? மொதல்ல ஒடம்பத் தேத்து" என்றார் கவுண்டர்.

தேறினாள். கன்னம் உப்பியது, கழுத்து காணாமல் போனது. இரண்டு மாதத்தில் ரவிக்கையை மூன்று தரம் பிரித்துத் தைத்தான் தையல்காரன். முதலாளிகள் மறுபடியும் சுற்றி வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை துண்டு போடவில்லை. முதுகைத் தட்டாத குறைதான்.

பாட்டுக் காட்சி வந்தது. அந்நாளில் நடிப்பவளேதான் பாட வேண்டும். மரக்கிளையில் மைக்கைக் கட்டி, புதருக்குப் பின்னால் ஆர்மோனியக்காரனை உட்காரவைத்து, படமும் குரலும் ஒன்றாகவே பிடிப்பார்கள். ராணி ஆலமரத்தடியில் நின்று அழுதுகொண்டே பாடுகிறாள். ஓரிடத்தில் ஒரே மூச்சில் மேலே ஏறி, நின்று, இறங்க வேண்டும். வெங்கடலட்சுமி ஏறினாள். பாதியில் மூச்சு நின்றது. இன்னொரு தரம். மறுபடியும் அதே இடம். பலகையைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். அவள் கழுத்தில் வேர்வை ஓடியது, கண்ணில் பயம். இருமலை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நஞ்சண்ணா, இது என்ற கொரலே இல்லீங்கண்ணா."

மறுநாள் ராமாமணியைக் கூட்டிவந்தார்கள். நாடகத்தில் பின்பாட்டுப் பாடுகிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள், ஒட்டிப்போன கன்னம். அவளை மரத்துக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினார்கள். அவள் பாட வேண்டும், வெங்கடலட்சுமி வாயை மட்டும் அசைக்க வேண்டும்.

காமிரா ஓடியது. ராமாமணி தொடங்கினாள். வெங்கடலட்சுமியும் தொடங்கினாள், சத்தமாக, உடைந்த குரலில். இரண்டும் மோதி மைக்கில் நாராசமாக விழுந்தது. நிறுத்தினார்கள். மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் பாடினாள்.

"ஏ அம்மணி, பிலிம் என்ன வெலைன்னு தெரியுமா?" நாயுடு குடையை வீசிவிட்டு வந்தார். "வாய மட்டும் அசைன்னா கேக்கமாட்டியா?"

"ஒடம்பு நீங்க வளத்துனதுங்க. வேணும்னா படம் புடிச்சுக்கோங்க. வாயி என்னுதுங்க."

"உன் பொழப்ப ஏறக் கட்டிப்போடுவேன். இந்த ஜில்லாவுல ஒரு கொட்டாயிலயும் நீ நிக்க முடியாது, பாத்துக்க."

"நிக்க முடியாதுங்க" என்று ஒத்துக்கொண்டாள். "சித்த நின்னாலே மூச்சு வாங்குதுங்களே."

அட்டைக் கிரீடத்தைக் கழற்றி ஆர்மோனியத்தின் மேல் வைத்தாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சாலையைப் பார்த்து நடந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை. நான் பலகையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கவுண்டர் ராமாமணியை மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே அழைத்தார். "சித்த திரும்பு. மூஞ்சி பரவால்ல. பாட்டும் வருது." பெருமூச்சு விட்டார். "இனி தீனி போட்டுத் தேத்த நாளில்ல. ஏப்பா டெய்லரு!"

ராணியின் ரவிக்கை அவள் மேல் சாக்குப்போலத் தொங்கியது. தையல்காரன் மெத்தை ஒன்றைக் கிழித்துப் பஞ்சை எடுத்துவந்தான். மார்பில் திணித்தான், இடுப்பில் சுற்றினான், புஜத்திலும் வைத்துக் கட்டினான். ராமாமணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சாலைப் பக்கமிருந்து ராணியின் பாட்டு, அதே உடைந்த குரலில் கேட்டது. ஒரு வரி, பிறகு மூச்சு வாங்குகிற இடைவெளி, அடுத்த வரி. ராமாமணி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். "அசையாம நில்லம்மா" என்றான் தையல்காரன், வாயில் கவ்விய ஊசியோடு.