பதினாலில் இருக்கும் சாவி

பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் தையல்காரி சொன்ன ‘ம்’களில் பாதி, மெஷின் ஓடும் சத்தத்தில் எதற்கென்றே தெரியாமல் சொன்னவை. அவற்றில் ஒன்று அன்று காலை அவள் கழுத்தைப் பிடித்தது.

அவள் கணவன் உதிரிபாகக் குடோன் ஒன்றில் ஸ்டோர்கீப்பர். கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுகிறவன் என்பதால் தெருவே அவனை ‘லேபிள்’ என்றுதான் கூப்பிடும். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. குடல்வால் வீங்கியிருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் உள்ளேயே வெடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு வேறு கவலை. “இன்ஷூரன்ஸ் பேப்பர் பதினொன்றரைக்குள்ள வந்துடணும்மா. இல்லன்னா அடுத்த ஆளை உள்ள எடுத்துடுவாங்க. இவருக்கு சாயங்காலம்தான்.”

தையல்காரி கணவனின் கட்டிலுக்கு ஓடினாள். அதற்குள் வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

“பீரோவுக்குள்ள பச்சைப் பெட்டி,” என்றான் அவன், நாக்கு குழற. “சாவி பதினாலுல இருக்கு. அன்னிக்கே சொன்னேனே... நீகூட ம்-னியே.”

“பதினாலுன்னா என்னங்க?”

கண் சொருகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தபோது மணி பத்தரை. உடன் வந்த நாத்தனார், லேபிளின் அக்கா, பெட்டியைப் பார்த்ததும் சுத்தியலைத் தேடி எடுத்து வந்து நான்கு போடு போட்டாள். பச்சைப் பெயின்ட் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால், நான்கு போல்ட் போட்டுப் பீரோவோடு இறுக்கியிருந்தான். பூட்டுக் கடைக்காரரோ மத்தியானம்தான் வரமுடியும் என்று போனை வைத்துவிட்டார்.

“திருடனுக்கு பயந்து பண்ணானா, நமக்கு பயந்து பண்ணானா?” என்று மூச்சு வாங்கினாள் நாத்தனார். “ஏம்மா, நீதான் கொஞ்சம் யோசிச்சுப் பாரேன். பதினாலுன்னா தேதியா?”

காலண்டரில் பதினாலாம் தேதிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அலமாரியில் பதினாலாவது புத்தகத்தை உதறினார்கள். பழைய பஸ் டிக்கெட் விழுந்தது. மாடிப்படியில் பதினாலாவது படியில் எதிர்வீட்டுப் பூனை படுத்திருந்தது. அதையும் எழுப்பிப் பார்த்தார்கள்.

“சின்ன வயசுலயே இப்படித்தான். என் பென்சிலை ஒளிச்சு வெச்சிட்டு, எங்கன்னு அவனே மறந்துடுவான்.”

“அவர் மறக்கலை அண்ணி. நான்தான் காதுல வாங்கலை.” பத்து நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் ஏதோ விளக்கினான். அவள் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டே ம் கொட்டினாள்.

மணி பத்தே முக்கால். ஏதோ தோன்றி, குடோன் மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உங்க குடோன்ல பதினாலுன்னு ஏதாச்சும் இருக்கா?”

“ஏன் இல்லாம? பேரிங் ரேக். வாசல்ல நின்னு இடது கைப்பக்கமா எண்ணிக்கிட்டே வந்தா பதினாலாவது. உன் வீட்டுக்காரர் போட்ட நம்பர்தானேம்மா.”

“நம்பரை எங்க ஒட்டியிருப்பாரு?”

“அடியில. மேல ஒட்டினா உரசிப் பிஞ்சுடும்னு எல்லாத்தையும் அடித்தட்டுக்குக் கீழ ஒட்டிட்டாரு. நாங்க குனிஞ்சு குனிஞ்சே இடுப்பு போச்சு.”

தையல்காரிக்குச் சுருக்கென்றது. போன வருடம் வீடு முழுக்க அவன் சீட்டு ஒட்டியபோது, “இது வீடா, குடோனா?” என்று ஈரத்துணியால் தேய்த்து ஒன்று விடாமல் உரித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அவன் சீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

வாசலிலிருந்து தொடங்கினார்கள். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில், நக அகலச் சீட்டில், ஒன்று. நாற்காலிக்கு அடியில் இரண்டு. நாத்தனார் முழங்கால் வலியையும் மறந்து தரையோடு தரையாகத் தவழ்ந்து எண்ணைக் கத்திக்கொண்டே போனாள். “ஒம்போது, டிவி மேஜை! பத்து, சோபா... இங்க என் காணாமப்போன சீப்பு இருக்கு! பதிமூணு, துணிக்கூடை!”

துணிக்கூடைக்கு அடுத்து இருந்தது தையல் மெஷின்.

தையல்காரி இழுப்பறையை இழுத்தாள். பாபின்கள், பொத்தான் டப்பா, சாக்கட்டி. அவற்றுக்கு நடுவில், தினமும் அவள் கையில் படுகிற அந்தச் சின்னச் சாவி. பழைய சூட்கேஸுக்கு உரியது என்று நினைத்து, பத்து நாளாகக் காலர் முனையைக் குத்தி வெளியே தள்ள அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். முனைகள் அவ்வளவு கூர்மையாக வந்ததும் இல்லை.

பெட்டி திறந்தது. உள்ளே இன்ஷூரன்ஸ், வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம், மின் இணைப்பு எண், யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் உறை உறையாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள், கொட்டை எழுத்தில்: ‘முதலில் மெஷினை நிறுத்து. பிறகு படி.’

நாத்தனாரின் ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பதினொன்று இருபத்தொன்று. பன்னிரண்டுக்கு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் லேபிள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தையல்காரி பையிலிருந்து ஒரு நீளமான துணியை எடுத்து உதறினாள். பன்னிரண்டு ஜேப்புகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எழுத்து.

“அசல் எல்லாம் பெட்டியிலயே இருக்கட்டும். நகல் மட்டும் இதுல. அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி தொங்கும்.”

“திருடன் வந்தா பார்த்துடுவானே?”

“பார்க்கட்டும். அவனாச்சும் தவழாம எடுத்துட்டுப் போகட்டும்.”

ஒவ்வொரு ஜேப்பாகத் தொட்டு விளக்கினாள். முதலாவது இன்ஷூரன்ஸ், இரண்டாவது வங்கி, மூன்றாவது அவளுடைய காகிதங்கள். அதைப் பற்றி இதுவரை அவனும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எதிர்க் கட்டிலுக்கு வந்த சாப்பாட்டு டிரேயைப் பார்த்தபடியே அவன், “ம்,” என்றான்.

அவள் நிறுத்தினாள். “மூணாவதுல என்ன சொன்னேன்?”

அவன் விழித்தான். “பேரிங்?”

நாத்தனார் வெடித்துச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, சிரிக்க வைக்காதே, தையல் பிரிஞ்சுடும்!”

“பிரிஞ்சா நான் போட்டுவிடறேன்,” என்றாள் தையல்காரி. “இப்ப முதல்லேர்ந்து சொல்றேன். என்னைப் பார்த்துக் கேளுங்க.”