குகன் கட்டிய சிவப்பு வயர்

மகன் குகன் செத்தபின் அவன் அறையிலிருந்து காற்றாடி சுற்றும் சத்தம் வருகிறது என்று நல்லம்மாள் சொன்னபோது அய்யாவு நம்பவில்லை. லோரி ஓட்டிக் கிழடான ஆள். தன் கண்ணால் பார்த்ததிலேயே பாதியைத்தான் நம்புவார். பெண்டாட்டி காதால் கேட்டதையா நம்புவார்? "எலியா இருக்கும், போ" என்றார்.

பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்கே கேட்டது. கிர்ரென்று மெல்லிய சத்தம். கதவைத் தள்ளினார். மேசைமேல் குகனின் கம்ப்யூட்டர், பக்கத் தகடு கழற்றியபடி நின்றது. அதன் பவர் சப்ளை எரிந்துபோய், அதைக் கழற்றிவிட்டு வேறு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்துவிட்டான். ஆக, கரண்டு கொடுக்கும் பெட்டியே இல்லாத மிஷின். ஆனால் உள்ளே காற்றாடி, சுற்றி ஓய்ந்தது போல லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சன்னல் சாத்தியிருந்தது.

அய்யாவு கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நல்லம்மாள் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"கேட்டுச்சா? கரண்டு குடுங்கன்னு கேக்குறான். வருஷத் திதிக்குள்ள ஓட வச்சிருங்க. அவன் குரலு அதுக்குள்ளதான இருக்கு."

அது உண்மை. கைப்பேசி விபத்தில் நொறுங்கிவிட்டது. கோயில் உருமி மேளத்துக்காகக் குகன் பாடிப் பதிந்து வைத்ததெல்லாம் அந்த மிஷினின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கேயும் அந்தக் குரல் இல்லை.

கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸில் போய்க் கடை தேடினார். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் சஃப்வான், முப்பது வயதுக்குள் இருப்பார்.

"வாங்க அங்கிள். எத்தனை வாட் வேணும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா உன் மாடிப்படியை நான் ஏன் ஏறுறேன்?"

சஃப்வான் சிரித்துவிட்டு, அய்யாவு கைப்பேசியில் எடுத்து வந்திருந்த மிஷின் படத்தைப் பார்த்தார். "நல்ல சாமானா போட்டிருக்காரு. அறுநூத்தம்பது வாட் தாராளமா போதும்." இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்றின் வயிற்றிலிருந்து வயர்கள் ஆட்டுக்குடல் மாதிரி கொத்தாகத் தொங்கின. மற்றது மொட்டையாக இருந்தது. முதுகில் வரிசையாக ஓட்டைகள்.

"இது மோடுலர் அங்கிள். எந்த வயர் வேணுமோ அதை மட்டும் சொருகிக்கலாம்."

"வயரைப் புடுங்கி வச்சிட்டு விலையும் கூடவா? நாளைக்கு டயர் இல்லாம லோரி விப்பே. கேட்டா மோடுலர்ம்பே."

"வயரும் பெட்டியிலயே இருக்கு லா! தனிக் காசு இல்ல."

அய்யாவு இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். மோடுலர் கனமாக இருந்தது. கனம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அந்த ஓட்டைகளைப் பார்க்கப் பார்க்க வேறொன்று ஞாபகம் வந்தது. எரிந்துபோன பழைய சப்ளையும் இந்த மாதிரிதான். அதன் வயர்களுக்குக் குகன் நாள்கணக்கில் உட்கார்ந்து சிவப்பு உறை மாட்டி, முனை முனையாகக் கட்டி வைத்திருந்தான். இன்னும் மேசை டிராயரில் கிடக்கின்றன.

"அப்ப எங்க வீட்டு வயரையே இதுல சொருகலாம்ல?"

சஃப்வான் சிரிப்பை நிறுத்தினார். "அதை மட்டும் செஞ்சிராதீங்க. டிஸ்க்ல மாட்டுற முனை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இந்தப் பெட்டியில மாட்டுற முனை கம்பெனிக்குக் கம்பெனி வேற. சில சமயம் அப்படியே உக்காரும், ஆனா அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போவும். டிஸ்க் செத்துரும்."

"லோரியில ஸ்பேர் உக்காந்தா ஓடும்."

"இது லோரி இல்ல அங்கிள். மிஷினைக் கொண்டாங்க, நானே சும்மா மாட்டித் தரேன்."

சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் அய்யாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. சும்மா மாட்டித் தருகிறவன் உள்ளேயிருந்து எதையாவது கழற்றிக்கொள்வான். "வேணாம்" என்று மோடுலரை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

திதி அன்று காலையில் மேசைக்கு முன்னாலேயே இலை போட்டார்கள். கோழிப் பிரட்டல், அவன் குடிக்கும் ஐஸ் மைலோ, அவன் போட்ட சட்டை. அய்யாவு சப்ளையை உள்ளே வைத்து முடுக்கி, புது வயர்களை வடிவம் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டிருந்தார். நல்லம்மாள் சிவப்பு வயர்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் கடைக்காரன் வயரா? அவன் கை பட்டது ஒண்ணாவது வேணாமா? படையல்ல சட்டை வைக்கிறோம்ல?"

"கடைக்காரன் கூடாதுன்னான்."

"எதுக்காம்?"

அய்யாவு பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது, சுவரில் எதுவும் சொருகாமலே, காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. நல்லம்மாள் வயரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாருங்க" என்றாள்.

அய்யாவு கையை நீட்டினார். ஒன்று போதும். குரல் இருக்கும் இடத்துக்கு மட்டும் அவன் வயர் போகட்டும் என்று டிஸ்க்கின் வயரைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பை மாட்டினார். தைத்து வைத்த மாதிரி டக்கென்று உட்கார்ந்தது. பொய்தான் சொல்லியிருக்கிறான் கடைக்காரன், என்று நினைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

மிஷினில் விளக்கு எரிந்தது. காற்றாடிகள் எல்லாம் சுற்றின. "என் சாமி, வந்துட்டான்" என்று நல்லம்மாள் கைகூப்பினாள். அய்யாவுக்கு மட்டும் அந்த வாடை வந்துவிட்டது. வயர் கருகும் வாடை. லோரிக்காரன் மூக்குக்கு அது தப்பாது. திரையில் ஏதோ வெள்ளை எழுத்து வந்து அப்படியே நின்றது.

வெளியே போய்க் கடைக்குப் போன் செய்தார்.

"பழைய வயர் போட்டீங்களா?" என்றார் சஃப்வான்.

"ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு அங்கிள்?"

"டிஸ்க்குக்கு."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஆயுசு முழுக்க எவன் பேச்சையும் நம்பாத அய்யாவு அந்த மௌனத்தை நம்பினார். ஆனாலும் டிஸ்க்கைப் பெட்டாலிங் ஜெயாவில் சஃப்வான் சொன்ன ஆளிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த ஆள் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

அன்று சாயங்காலம் நல்லம்மாள் கேட்டாள்: "எப்பங்க பாடுவான்?"

"பாட மாட்டான். எரிச்சிட்டேன்."

அவள் அழவில்லை. போய் அவன் சட்டையை மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அறையில் சத்தம் இல்லை. பொழுது சாயும் நேரமெல்லாம் இரண்டு பேரும் டிவியைச் சத்தம் குறைத்து வைத்துவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலிகூட வரவில்லை. ஒரு நாள் அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து மிஷினுக்கு முன்னால் நின்றார்.

"டேய் குகன், உங்கப்பன் மடையன்டா. திட்டவாவது வாடா."

காற்றாடி அசையவில்லை. பின்னால் நல்லம்மாள் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"கூப்புடாதீங்க" என்றாள். "வந்தாலும் இனிமே எதுல பேசுவான்?"