அக்… கா

1

துண்டான ஒரு போனில் பிறந்த கதை இது. என் தங்கை "அக்" என்றாள்; இணைப்பு போய்விட்டது. மிச்சக் "கா" வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சார்ஜர் எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "சுழல் இயந்திரத்தின் நீண்ட கை, நுனியில் கூண்டைத் தாங்கியபடி கம்பீரமாக…" [வேண்டாம். இயந்திரத்துக்கு எதற்குக் கம்பீரம்?]

இரண்டாவது: விமானியாகப் போகிறவர்களைச் சுழற்றிச் சோதிக்கும் இயந்திரத்தை இயக்குகிறவள் அக்கா. கூண்டுக்குள் தங்கை. (சொந்தக்காரியைச் சுழற்ற எந்த ஆபீஸில் விடுவார்கள் என்று கேட்காதீர்கள். என் கதையில் வேறு ஆள் இல்லை.) ஐம்பது கிலோ தங்கை, வேகம் ஏறினால் முந்நூற்றைம்பது கிலோ. ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். முதலில் கண் இருட்டும், அப்புறம் நினைவு தப்பும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, "இக்" என்று தொண்டையை அடைத்து, மூன்று நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். சட்டென்று விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். இப்படிப் பதினைந்து நொடி தாங்கினால் அவள் விமானி.

3

போன வாரம் வேகம் ஏறியதும் ஹெட்போனில் "அக்" என்று கேட்டது. அக்காவின் கை தானாக, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

[இறங்கிவந்த தங்கையை அழவைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள்.]

"நான் உன்னைக் கூப்பிடலக்கா. 'இக்'னு சொன்னா சிரிப்பு வருது. அதான் 'அக்'னு அடைச்சு, 'கா'னு மூச்சை விடறேன்."*

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நான் கூப்பிட்டா நீ ஓடி வருவே. இங்க மட்டும் வராதேன்னு எப்படிச் சொல்றது?"

அதிகாரி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

* க் மெய்யெழுத்து. மெய் என்றால் உடம்பு. இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, சத்தியமாக.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தங்கை சிரித்துக்கொண்டே இறங்கினாள். சினிமா மாதிரி இருந்தது. இன்னொன்றில் அக்கா பொத்தானை அழுத்தாமல் காத்திருந்த அந்த… இல்லை, இதை நான் எழுத மாட்டேன். எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.

ஆகவே, பத்தாவது நொடி. திரையில் தங்கையின் கன்னம் தொங்குகிறது, கண் திறந்திருக்கிறது. மூன்று "அக்", மூன்று "கா" வந்தாயிற்று. நான்காவது "அக்" கொஞ்சம் மெதுவாக வந்திருக்கிறது. அழுத்தினால் தங்கையின் கனவு போச்சு, அழுத்தாவிட்டால் தங்கையே…

அக்காவின் கையை உங்களிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் அவளுக்கு யாரோ, பதறாமல் இருப்பீர்கள் என்று நம்பினேன்.

பார்த்தால், நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.