மூன்று பிரவுசர்கள் சொன்ன ஒரே பதில்

"மார்ச் 12, வியாழன். இன்றைய தவறு: பழைய பிரதி எடுத்து வைக்காமல் பதினோரு வரிகளை அழித்துவிட்டேன். நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். ஒன்பதாவது வரி முன்பு இருந்தது போலவே இருக்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. எரர் அப்படியே இருக்கிறது."

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு நோட்டில் இதை எழுதிய பெண்ணுக்கு வீட்டில் 'கட்டம்' என்று பெயர். துணி துவைப்பதானாலும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, எதற்குப் பின் எது என்று எழுதாமல் அவளுக்குக் கை ஓடாது. பெயர் வைத்தவள் அண்ணி.

அண்ணி ஒரு சிகிச்சை மையத்தில் பிசியோதெரபிஸ்ட். மையம் இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. மூட்டு தேய்ந்தவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் தங்கள் முறை வரும்வரை மாடிப்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதைக் கண்ட கட்டம், வகுப்பில் படித்ததை வைத்து ஒரு வெப் பக்கம் செய்துகொடுத்தாள். வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரிலேயே அது குடியிருந்தது. திறந்தால் காலண்டர் விரியும். யாருக்கு எத்தனை மணி என்று பார்த்து வரவேற்பு அக்கா போனில் சொல்லிவிடுவார். நான்கு மாதமாகப் படியில் ஒரு ஆள் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை காலண்டர் வரவில்லை. தலைப்பு வந்தது, கீழே வெறும் வெள்ளை. மையத்தை நடத்தும் டாக்டர் கோபக்காரர் அல்ல. அதனாலேயே அவர் சொன்னதைத் தட்ட முடியவில்லை. வெள்ளி மாலை வரை பார்க்கலாம், அதற்குள் சரியாகாவிட்டால் சனி முதல் பழையபடி டோக்கன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டோக்கன் என்றால் படிக்கட்டு.

கட்டம் முறைப்படிதான் இறங்கினாள். ஒரு பிரவுசரில் பார்த்தாள், எரர். இரண்டாவதில் எரர். மூன்றாவதை வகுப்பிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள், அதிலும் எரர். சேமித்து வைத்ததையெல்லாம் துடைத்தாள். ஒட்டிக்கொண்டிருந்த துணை நிரல்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி. பிரவுசரின் உள்பக்கத்தைத் திறந்தால் சிவப்பில் இரண்டு வரிகள் நின்றன. இரண்டாவது வரி, 'காலண்டர் என்று ஒன்றை நான் அறியேன்' என்கிற பொருளில், அவளுடைய கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்துக் காட்டியது. தன் பெயர் போட்டிருக்கும் குற்றப்பத்திரிகையைப் பார்த்ததும் மற்றதைப் படிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை மாலை தலைப்பின் நிறத்தை மாற்றியது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று பிரவுசர்களும் ஒரே மாதிரி சொன்னால் பக்கம் எழுதியவள் மேல்தான் தப்பு என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் நான்கரைக்கே மையத்துக்கு வந்துவிட்டாள். வரவேற்பு அக்கா இடம் விட்டு எழுந்து, டோக்கன் அட்டைகளை ரப்பர் பேண்டிலிருந்து உருவி ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினார். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் ஒவ்வொரு அட்டையும் மேசையில் விழும் சத்தம் கட்டத்துக்குக் கேட்டது. ஐந்தேகாலுக்கு அண்ணி கையில் எண்ணெய் வாசனையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன கட்டம், இன்னும் முறைச்சுக்கிட்டே இருக்கா?"

"மூணுலயும் ஒரே எரர் அண்ணி. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்."

"ஒரு வலது முட்டிய மூணு டாக்டர் தொட்டுப் பார்த்தாலும் அது ஒரே முட்டிதானே. நான் இன்னொரு காலையும் பார்ப்பேன்பா. ரெண்டையும் வச்சுப் பார்த்தாத்தான் எது வீங்கியிருக்குன்னே தெரியும்."

விளையாட்டாகச் சொல்லிவிட்டு அண்ணி கை கழுவப் போனாள். கட்டம் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பிரவுசர்கள் இருந்தன. கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஐந்து நாளாக ஒரே முட்டியைத்தான் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணியின் போனை எடுத்து, மையத்து வைஃபை வழியாக, கம்ப்யூட்டரில் குடியிருக்கும் அதே பக்கத்தைத் திறந்தாள். காலண்டர் வந்தது. மார்ச் மாதம், முப்பத்தொரு கட்டங்கள், அவள் மாற்றிய தலைப்பு நிறத்தோடு, ஒரு குறையும் இல்லாமல்.

கம்ப்யூட்டருக்குத் திரும்பி, ஐந்து நாளாகக் கண்ணில் பட்டும் படிக்காமல் விட்ட முதல் சிவப்பு வரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். காலண்டரை வரையும் ஸ்கிரிப்ட் அவளுடையது அல்ல. எங்கோ தொலைவில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொரு முறையும் வருவது. வரும்போது, தான் இன்னார் என்று ஒரு சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை என்றது வரி.

நாள் வரவில்லையா? திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரிந்தது, ஐந்து முப்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்திலும் அதேதான். அதன்மேல் அழுத்தினாள். தேதி விரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜனவரி, முதல் நாள்.

அக்காவிடம் கேட்டாள். அக்கா துணியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். போன சனிக்கிழமை பக்கத்து ஆபீசில் ஒரு பிளக் புகைந்ததாம். அன்றிலிருந்து இரவு பூட்டும்போது மெயினை அணைத்துவிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. காலையில் போட்டால் கம்ப்யூட்டர் மணியைத் தப்பாகக் காட்டும். அக்காவே தினமும் சுவரைப் பார்த்துத் திருத்திவிடுவார்.

"இத ஏன்க்கா சொல்லல?"

"எரர் எப்ப வந்துச்சுன்னு கேட்ட, சொன்னேன். மணியப் பத்தி நீ கேக்கவே இல்லையேம்மா."

கம்ப்யூட்டர் தூங்கும்போது அதற்குள் காலத்தை எண்ணிக்கொண்டிருக்க நாணயம் அளவு ஒரு பாட்டரி உண்டு என்று வகுப்பில் ஒருநாள் சொல்லியிருந்தார்கள். அது எப்போதோ செத்திருக்க வேண்டும். மெயினை அணைக்காதவரை யாருக்கும் தெரியவில்லை. அணைத்த முதல் இரவே இந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, தான் பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது.

தேதியைத் திருத்துவதற்கு முன் கட்டம் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். மூன்று பிரவுசர்களையும் செய்தவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள். எதிர்காலத்தில் கையெழுத்தான ஒரு தாளை நம்ப மாட்டேன் என்று மூன்றும் ஒரே குரலில் மறுத்திருக்கின்றன. அவள் 'திற' என்று அழுத்தும் ஒவ்வொரு தடவையும், கண் இமைப்பதற்குள், கடல் தாண்டி ஒருவர் கதவைத் தட்டுகிறார். இங்கே ஒருவர் தாளை வாங்கி, முத்திரையைப் பார்த்து, நாளைப் பார்த்து, பிறகுதான் உள்ளே விடுகிறார். இந்த ஒரு மேசையில் மட்டும் அல்ல. விளக்கு எரியும் எதிர் ஜன்னல்களில், கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கைகளில், எல்லா இடத்திலும், இந்த நொடியில். இவ்வளவு பெரிய நம்பிக்கை முழுவதும், இப்போது மணி என்ன, இன்று என்ன நாள் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் புல்லரித்தது. நாலு மாதமாக இதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் நிறம் மாற்றி விளையாடிக்கொண்டிருந்தாளா?

கை துடைத்துக்கொண்டு வந்த அண்ணியிடம் தேதியைக் காட்டினாள். அண்ணி குனிந்து பார்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ இந்த மெஷின் கணக்குக்கு நான் இன்னும் உங்க வீட்டுக்கு வரவே இல்ல. உங்க அண்ணன் நிம்மதியா தூங்கிட்டு இருக்கார்."

அக்கா அட்டைகளை விட்டுவிட்டுச் சிரித்தார். கட்டம் வருடத்தை மாற்றினாள், மாதத்தை மாற்றினாள், நாளை மாற்றினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். முதல் பிரவுசரில் காலண்டர் விரிந்தது. இரண்டாவதில் விரிந்தது. மூன்றாவதிலும் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். திரையைப் பார்த்தார், என்ன கோளாறு என்று கேட்டார். வருடம் மாறிவிட்டது என்றாள். அவர் புரிந்தது போலவும் புரியாதது போலவும் தலையசைத்து, நாளைக்கு வருபவர்களுக்குப் போன் போட்டுவிடுங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா போனை எடுத்தார். நாளை காலைப் பட்டியலில் பதினேழு பேர்.

"மார்ச் 13, வெள்ளி. கோளாறு என் கோப்பில் இல்லை. இரண்டு கோடு போட்ட வரியை அடித்துவிட்டேன். நாளை: ஏழே முக்காலுக்குப் போய், மெயின் போட்டதும் தேதியைக் கையால் திருத்த வேண்டும். ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் பாட்டரி வாங்க வேண்டும். ஒரு மணிக்கு நோயாளிகள் போன பிறகு பெட்டியைத் திறந்து மாற்ற வேண்டும். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் வைக்க வேண்டும்."